ஹமீது பாஸின் கொப்பி

ரிஸானா எங்கள் வீட்டு முன் அறையில், அலுமாரிக்கு நேரே தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி போட்டும் அவள் உட்காரவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, படங்களைப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். நான் பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்றேன்.

அடித்தட்டில் மடித்து வைத்திருந்த படுக்கைத் துணிகளுக்குப் பின்னால்தான் அவள் தேடி வந்த கொப்பி, அவள் தகப்பன் படம் வரைந்து வைத்த நோட்டு, இருந்தது.

"அன்ட்டி, வாப்பாட கொப்பி ஒண்டு, நீல மட்டை போட்டது. அவர் மரம் எடுக்க வார நேரம் உங்கள்ட்டக் காட்டினதாம். உம்மா செல்றா. உங்கள்ட்ட ஈக்கா?"

"இல்லையே மகள்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வெட்கத்தினால் ஊரில் யாரோடும் நான் அதிகம் பேசியதில்லை. பேசிய கொஞ்சத்தில் பொய் மிகக் குறைவு. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தியில் எழுதப் போகிறேன். ரிஸானாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ, வாப்பாட பேரை மட்டும் மாத்தாதீங்கோ" என்றாள்.

ஆணி சுற்றிய தாள்

மரவேலைப் புத்தகம் சேர்க்கிற பொம்பிளை என்று எங்கள் சந்தில் எனக்கொரு பெயர் உண்டு. என் தங்கச்சி சிசிலியா வைத்த பெயர் அது. நாங்கள் இரண்டு பேரும்தான் ஒன்றாக இருக்கிறோம். "ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது, அலுமாரி நெறைய ஆசாரி புத்தகம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சொல்வது உண்மைதான். நான் உளி பிடித்ததில்லை. எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு மாத்தளைக்கு வந்து ஒரு மரக்காலையில் வேலைக்குச் சேர்ந்தேன். மரத்தூள் கூட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது, அறுத்த பலகையில் நீலச் சோக்கால் அளவு எழுதுவது. முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை.

லொறியில் மரம் வரும். பலகையாகவும் சட்டமாகவும் திரும்பிப் போகும். அதற்குப் பிறகு அந்த மரம் எங்கே போய், எதன் மேல் எது ஏறி, எப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. முதுகை மட்டும் காட்டிக்கொண்டு போகிற சனங்களைப் போல இருந்தது.

ஒரு நாள் மரக்காலைக்கு ஆணி வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பழைய புத்தகத்தின் தாளைக் கிழித்து ஆணியைச் சுற்றித் தந்தார். வழியில் பிரித்துப் பார்த்தேன். ஒரு கூரையின் எலும்பு அப்படியே வரைந்திருந்தது. உத்திரம் தூணில் எப்படி உட்காருகிறது, கைமரம் முகட்டில் எப்படிப் போய்ச் சேருகிறது, எல்லாம். நான் சோக்கால் எண் எழுதிய சட்டம் அதிலே நிமிர்ந்து நின்றது.

திரும்பிப் போனேன். தாளைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, ஆணி துருவா?"

"இல்ல, இந்தப் புத்தகம்..."

"அட, ஒங்களுக்கு ஆணி வேணுமா, பேப்பர் வேணுமா?"

மீதிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். முதல் இருபது முப்பது பக்கம் ஏற்கெனவே ஆணியோடு ஊர் முழுக்கப் போயிருந்தது. என் அலுமாரியின் முதல் புத்தகம் அதுதான். இன்றைக்கும் அதற்குத் தொடக்கம் கிடையாது.

படத்தை வாசிப்பது

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. தோட்டத்துப் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது இரண்டு. கண்டியில் நடைபாதைக் கடையில் ஒன்று, அட்டை முழுக்க ஜப்பான் எழுத்து. பழைய பேப்பர்காரரிடம் சொல்லி வைத்ததில் சிங்களப் புத்தகங்கள். பாடசாலை மரவேலைப் பாடநூல் ஒன்று தமிழில் கிடைத்தது. முழுதாக வாசிக்க முடிந்தது அது ஒன்றைத்தான்.

மற்றவற்றில் எனக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். புள்ளிக்கோடு போட்டிருந்தால் மரத்துக்குள் மறைந்திருக்கிற பகுதி. சாய்கோடு போட்டிருந்தால் வெட்டிய முகம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. நிறையப் படம் பார்த்தால் தானாகவே புரிந்துவிடும்.

மாத்தளை ஈரத்துக்குப் புத்தகம் பூச்சி பிடிக்கும். ஒவ்வொரு தட்டிலும் கராம்பு கொஞ்சம் துணியில் முடிந்து வைப்பேன். அதனால் என் புத்தகங்கள் எல்லாம் கறி வாசம் அடிக்கும் என்பாள் சிசிலியா. "ஜப்பான்காரன் மோந்து பாத்தா ஓடிப்போவான்."

ஹமீது பாஸ் அந்த ஜப்பான் புத்தகத்தைப் பார்த்துத்தான் என்னிடம் பேச ஆரம்பித்தார். நாவுலப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், கூரை வேலை செய்கிறவர். மரவேலை செய்கிறவர்களை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். மாதம் ஒரு தடவை மரக்காலைக்கு வந்து மரம் தெரிந்தெடுப்பார். சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தார். இரண்டு மரம் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருக்கிற ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"அல்லா! தங்கச்சி, இவனும் நம்மட ஆள்தானே" என்று சத்தமாகச் சிரித்தார்.

அடுத்த மாதம் வந்தபோது நீல மட்டைக் கொப்பி ஒன்றைக் கொண்டு வந்தார். தன் காணியில் இருக்கிற நெல் அட்டுவவின் படங்கள் அதில். அட்டுவ என்றால் கல்லின் மேல் தூக்கி வைத்த மரக் களஞ்சியம், இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாதது. வாலிப வயதில் அதைக் கழற்றி மறுபடி பூட்டினாராம். மறந்துபோகும் என்று மரம் பொருந்துகிற ஒவ்வொரு இணைப்பையும் வரைந்து வைத்திருந்தார். இருபத்தொன்பது பக்கம்.

"கொண்டு போய்ப் பாருங்கோ. அடுத்த மாசம் தாங்கோ. தாளுகள் கவனம்."

அடுத்த மாதம் அவர் வரவில்லை. நெஞ்சு வருத்தம் வந்து இரண்டே நாளில் போய்விட்டார்.

மையத்து வீட்டில்

செய்தி கேட்டதும் கொப்பியைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். இதை யாராவது நம்ப வேண்டும்.

பெண்கள் இருந்த அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். ரிஸானா தாயின் தோளில் முகத்தை வைத்திருந்தாள். அழுகிற வீட்டில் பையைத் திறந்து, இரவல் பொருள் என்று எப்படி நீட்டுவது? என்னைத் தெரிந்தவர்கள் அங்கே யாருமில்லை. யார் இந்தப் பொம்பிளை, எங்கள் பாஸின் கொப்பி இவளிடம் ஏன் என்று நினைப்பார்களோ என்றும் தோன்றியது. பையை மடியில் அமுக்கிக்கொண்டு இருந்தேன். அப்படியே திரும்பி வந்தேன்.

நாற்பதாம் நாள் கழியட்டும் என்று நினைத்தேன். நாற்பது கழிந்தது. பிறகு நோன்பு வந்தது, நத்தார்ப் பண்டிகை வந்தது. ஒரு வருஷம் போனபின் கொண்டு போனால் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பார்கள். இரண்டு வருஷம் போனபின் கேட்கவே மாட்டார்கள், மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். அது இன்னும் பயமாக இருந்தது. இப்படியே எட்டு வருஷம்.

அதற்கிடையில் ஒரு வேலை செய்தேன். கொடுக்கத்தானே போகிறோம், முதலில் ஒரு பிரதி எடுப்போம் என்று ட்ரேசிங் பேப்பர் வாங்கினேன். ஒரு மழைக்காலம் முழுக்க, பகல் வெளிச்சத்தில், யன்னல் கண்ணாடியில் வைத்துக் கொப்பியை அப்படியே வரைந்தேன்.

அப்படியே என்றா சொன்னேன்? இல்லை. கொப்பியில் அங்கங்கே பழுப்பு நிறத்தில் சின்னப் புள்ளிகள் இருந்தன. ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் இரண்டு, மூன்று. பாஸ் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வரைந்திருக்கிறார், தெறித்திருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் தோட்டப் பாடசாலையில் கொப்பியில் ஒரு துளி மை சிந்தினால் புறங்கையில் அடிமட்டத்தின் விளிம்பால் ஒரு அடி விழும். ஐந்து வருஷத்தில் நான் உருப்படியாகப் படித்தது சுத்தமாகப் பார்த்து எழுதுவதைத்தான். அதனால் புள்ளிகளை எல்லாம் விட்டுவிட்டேன். பாஸின் கொப்பியை விட என் பிரதி அழகாக இருக்கிறது என்று உள்ளூரப் பெருமை வேறு.

சுத்தமான பிரதி

இனி ரிஸானா வந்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கொப்பி இல்லை என்று நான் சொன்னதும் ரிஸானா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். ரோட்டை அகலமாக்குகிறார்களாம். அட்டுவ நிற்கிற இடம் போகிறது. கழற்றிப் பின்பக்கக் காணியில் பூட்டலாம் என்று சுனில் பாஸைப் பிடித்திருக்கிறாள். அவர் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் இது எப்படிக் கழறும் என்று அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமைக்குள் இடம் காலியாக வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் வந்து தள்ளிவிடும்.

"வாப்பா கையால பூட்டின சாமான் அன்ட்டி அது ஒண்டுதான் மிச்சம். வேற வீடுகள் எல்லாம் ஆக்கள் ஒடச்சுக் கொங்கிரீட் போட்டுட்டாங்க."

கொப்பியை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கை போகவில்லை. அலுமாரியில் இருக்கிற புத்தகங்களிலேயே மரத்தைத் தொட்டவர் என் கையில் நேராகக் கொடுத்தது அது ஒன்றுதான். அது போய்விட்டால் மீதி எல்லாம் கடைத் தாள். அப்படித்தான் அன்று எனக்கிருந்தது. ஆசை என்று சொல்லலாம், வெட்கம் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன.

மேல் தட்டிலிருந்து என் பிரதியை எடுத்துக் கொடுத்தேன்.

"இது பாருங்க மகள். ஒரு பழைய புத்தகத்துல பாத்து வரைஞ்சது. ஒங்க அட்டுவ மாதிரியே இருக்கு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் போனபின் சிசிலியா குசினியிலிருந்து வந்து என்னைப் பார்த்தாள். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறவள், அன்றைக்குக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை ஃபோன்

புதன்கிழமை பகல் ஃபோன் வந்தது. அடுத்த நாள் மெஷின்.

"அன்ட்டி, ஓடு எல்லாம் எறக்கியாச்சு. கைமரமும் எறக்கியாச்சு. பெரிய உத்திரம் ரெண்டும் சேர்ற எடத்தில எட்டு மர ஆணி ஈக்கு. மூணு கழட்டினோம், நாலாவது அசையிதே இல்ல. தட்டத் தட்ட இறுகுது. சுனில் பாஸ் வாள் போட்டு அறுப்போம் எண்டு செல்றார். அறுத்தா பெறகு பூட்ட ஏலாது. அந்தப் புத்தகத்தில வேற ஏதாச்சும் எழுதி ஈக்கா?"

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுத் துணிகளுக்குப் பின்னாலிருந்து கொப்பியை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

எட்டு ஆணி. ஒவ்வொன்றின் தலையிலும் பழுப்புப் புள்ளி. ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு, இப்படியே எட்டு வரைக்கும். அந்தப் பக்கத்தில் வேறு எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. தெறித்த தேத்தண்ணி ஆணித் தலையாகப் பார்த்து விழுமா? எது முதலில், எது இரண்டாவது என்று பாஸ் மரத்துக்குப் பூசுகிற சாயத்தால் குறித்து வைத்திருக்கிறார். நான் சுத்தம் பண்ணிவிட்டேன்.

நல்ல மனதோடு உடனே புறப்பட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படியில்லை. முதலில் ஃபோனிலேயே சொல்லப் பார்த்தேன். கொப்பி வெளியே வராமல் காரியம் முடிந்துவிடும் அல்லவா?

"இடது பக்கம், மேல இருக்கிறது மொதல் ஆணி."

"எந்தப் பக்கம் நிண்டு பாத்தா இடது அன்ட்டி? உள்ளுக்கா, வெளியிலயா?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் பார்த்த மரம்தான் எனக்குத் தெரியும். அந்த அட்டுவவை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பக்கத்தில் நின்ற சிசிலியா மெதுவாகச் சொன்னாள்: "கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்கக்கா. நாவுல பஸ் இன்னும் போயிருக்காது."

வராத தேத்தண்ணி

அட்டுவ கூரை இல்லாமல் நின்றது. உத்திரங்கள் புகையில் கறுத்து, முதிரை மரம் என்றே தெரியவில்லை. சுனில் பாஸ் வாளைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து கொப்பியை எடுத்து ரிஸானாவிடம் நீட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்தாள். எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது வாப்பாட கையெழுத்து."

"ஆமா."

"உங்கள்ட்டயா இருந்திச்சு?"

"எட்டு வருஷமா."

அவள் என்னை ஏசவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு அட்டுவவுக்கு உள்ளே போய் நின்று, நிமிர்ந்து பார்த்து, படமும் மரமும் ஒத்துப்போகும்படி கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினாள். கழற்றிய மூன்றையும் முதலில் திரும்ப அடிக்கச் சொன்னாள். சிங்களத்தில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, சுனில் பாஸ் ஒவ்வொன்றாகத் தட்டினார். நாலாவதாகக் கழற்றப் பார்த்தது உண்மையில் கடைசி ஆணி. உத்திரத்தின் பாரம் முழுக்க அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை அந்த எட்டாவது ஆணி இரண்டே தட்டில் வெளியே வந்தது. கித்துள் மர ஆணி, மினுமினுவென்று இருந்தது. இரண்டு உத்திரமும் ஒரு மூச்சு விட்டதுபோலச் சத்தம் போட்டு விலகின. சுனில் பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "இந்த மனுசன் செத்தும் வேலை வாங்குறார்" என்று சிங்களத்தில் சொன்னார்.

எனக்கும் சிரிக்க வேண்டும்போல இருந்தது. படத்தில் மட்டும் பார்த்த ஒரு காரியம் கண் முன்னால் நடந்திருக்கிறது. ஆனால் ரிஸானா என் பக்கம் திரும்பவே இல்லை. கொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். வேலை முடியும்வரை கீழே வைக்கவில்லை.

அந்த வீட்டில் யார் போனாலும் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள். தபால்காரரையும் விடமாட்டார்களாம். வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய உம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

"அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தியா?"

"அவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாம் உம்மா."

நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

அட்டுவ பின்பக்கக் காணியில் நல்லபடியாக எழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். என் பிரதி தபாலில் திரும்பி வந்தது. கூட ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. அதை அலுமாரியில் வைத்தேன். வைத்த பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. பிழையான புத்தகம் ஒன்று சரியான புத்தகங்களோடு நிற்கிறது. நாளைக்கு வேறு யாராவது அதைப் பார்த்து ஒரு கூரையைக் கழற்றினால்?

சில மாதம் பொறுத்து ரிஸானாவுக்குக் கடிதம் எழுதினேன். பேசுவதை விட எழுதுவது எனக்குச் சுகம். செய்தது பிழை என்று எழுதினேன். ஒரு நாள் உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண் முன்னால் உட்கார்ந்து, விட்டுப்போன புள்ளிகளை என் பிரதியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

ஃபோன் பண்ணினாள். "சனிக்கிழம வாங்கோ. ஆனா ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான்."

ஏன் ஒரு பக்கம் என்று நான் கேட்கவில்லை.

முதல் சனிக்கிழமை மேசையில் கொப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். நான் பேனையை எடுத்தேன். என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது, எழுந்திருக்கவில்லை. வாசலில் மீன்காரன் கூப்பிட்டான், எழுந்திருக்கவில்லை. பக்கம் முடிந்ததும் கொப்பியை எடுத்து உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினாள். பூட்டுகிற சத்தம் கேட்டது.

"நல்ல காவல்தான் போட்டிருக்கா. நான்னாலும் போடுவேன்" என்றாள் சிசிலியா, வீட்டுக்கு வந்து நான் சொன்னதும்.

இரண்டாவது சனியும் மூன்றாவது சனியும் அப்படித்தான். நாலாவது சனி, நான் ஒரு ஆணியில் மூன்று புள்ளி வைக்கப் போனபோது, "அது ரெண்டு அன்ட்டி. மூணு கீழ ஈக்கு" என்றாள். அவள் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று அப்போது விளங்கியது. அடுத்த வாரம் புள்ளிக்கோடு என்றால் என்ன என்று கேட்டாள். மரத்துக்குள் மறைந்திருக்கிற பகுதி என்று சொன்னேன். கொப்பியைத் தன் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தாள்.

போன சனிக்கிழமை ஏழாவது பக்கம். பாதியில் இருக்கும்போது உள்ளே உம்மா கூப்பிட்டா. ரிஸானா எழுந்து போய்விட்டாள். அந்த மேசையில் நானும் கொப்பியும் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை.

நான் பேனையை மூடினேன். இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்படியே இருந்தேன்.

அவள் வந்து கதவடியில் நின்றாள். பக்கத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"எனத்தியன் அன்ட்டி, எழுதல்லையா?"

"நீங்க வரட்டும்னு இருந்தேன்."



"உம்மாக்கு மருந்து குடுத்துட்டு வாறன். நேரம் செல்லும். நீங்க எழுதுங்கோ" என்றாள்.

சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போனாள்.